பழிவாங்கும் இரு சீனத் தொடர்கள்: எதில் தொடங்கலாம்?

பழியுணர்வின் உளவியலைப் பேசும் சீன வரலாற்றுத் தொடர்களில் எதை முதலில் பார்ப்பது என்று தயங்குவோர்க்காக, 2015இல் வெளிவந்த 'நிர்வாணா இன் ஃபயர்' தொடரையும் 2018இல் வந்த 'ஸ்டோரி ஆஃப் யான்சி பேலஸ்' தொடரையும் ஒப்பிடுகிறேன்.

நீளம்: முன்னது 54 பகுதிகள், பின்னது 70.

காரணம்: முன்னதில், துரோகப் பழி சுமத்தி அழிக்கப்பட்ட 70,000 வீரர்கள், பின்னதில், நாயகியின் அக்காவின் மர்ம மரணம்.

மனம்: வேறு முகத்தோடும் நோயுற்ற உடலோடும் 12 ஆண்டுகளுக்குப் பின் தலைநகர் திரும்பும் முன்னதன் நாயகன் மெய் சாங்சு, உயிர் நண்பனிடமும் தன்னை மறைக்கிறான், எதிரியை வீழ்த்துவதைவிட இறந்தோர்மேல் படிந்த களங்கத்தைத் துடைப்பதே அவனுக்குப் பெரிது என்பதை நடிகர் ஹூ கே மிக அடக்கமாக உணர்த்துகிறார். பின்னதன் நாயகி வெய் யிங்லுவோ பட்ட அடியை உடனுக்குடன் திருப்பித் தருபவள்.

முழுக் கவனம் தர இயல்வோர்க்கு முதலாவது. வேலை முடிந்து ஓரிரு பகுதிகள் பார்ப்போர்க்கு இரண்டாவது. என் மனம் முதலாவதன் பக்கமே. தொடக்கத்தில் பெயர்கள் குழப்பினாலும் விட்டுவிடாதீர்கள்.