இசைத் தயாரிப்புப் படிப்பு: 4 லட்சம் ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது என்ன?

சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஓராண்டு இசைத் தயாரிப்புப் பட்டயப் படிப்பை முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கட்டணம் 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 4 லட்சத்து 13 ஆயிரம் கட்டினேன். பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. சேருவதற்கு முன் நான் நேரில் போய்ப் பார்த்த வேறு இரண்டு இடங்களிலும் பாடத்திட்டமும் வகுப்பு அமைப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தன என்பதால், இந்த மதிப்பீடு ஒரு பள்ளியைவிட அந்தப் படிப்பைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றாலே படத்துக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். இங்கே நான் பேசுவது மியூசிக் புரொடியூசரைப் பற்றி. அதாவது, ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதற்குத் தாளம் அமைத்து, கருவிகளைத் தேர்ந்து, குரலைப் பதிவு செய்து, எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸ் வரைக்கும் கொண்டுபோய் வெளியிடத் தகுந்த பாட்டாக முடித்துக் கொடுப்பவர். கோடம்பாக்கத்தில் இந்த வேலையில் தாளத்தையும் கருவிகளையும் கணினியில் அமைப்பவரைப் புரோகிராமர் என்றும், பதிவும் மிக்ஸும் செய்பவரைச் சவுண்ட் இன்ஜினியர் என்றும் அழைப்பார்கள். பள்ளிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஓராண்டில் கற்றுத்தருவதாகச் சொல்கின்றன.

படிப்பின் முதல் மூன்று மாதங்கள் மென்பொருளுக்கே போயின. பள்ளியில் லாஜிக் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளைக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். என் வீட்டில் இருந்தது விண்டோஸ் மடிக்கணினி. அதில் நான் வைத்திருந்தது எஃப்எல் ஸ்டுடியோ என்ற வேறொரு மென்பொருள். ஆக, வகுப்பில் படித்ததை வீட்டுக்கு வந்து செய்துபார்க்க வழியில்லை. ஆனால் அதைவிட வருத்தமான விஷயம், அந்த மூன்று மாதங்களில் சொல்லித்தந்த எதுவும் யூடியூபில் கிடைக்காத ஒன்றல்ல. ட்ராக்கை எப்படி வெட்டுவது, கணினியில் குறித்த மிடி சுரங்களை எப்படி நேர்செய்வது, எஃபெக்டை எங்கே சேர்ப்பது என்பதையெல்லாம் ஆறு வாரம் உட்கார்ந்தால் எவரும் தாமாகவே கற்றுக்கொள்ளலாம். ரீப்பர் என்ற முழுமையான மென்பொருளைத் தனிநபர் 60 டாலருக்கு வாங்கிவிடலாம். மென்பொருள் கற்பதற்காகப் பள்ளியில் சேர நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

நான்காவது மாதத்தில் ஒலிப்பதிவு வகுப்புகள் தொடங்கின. கட்டிய பணத்துக்குப் பொருள் கிடைத்ததாக நான் உணர்ந்தது அப்போதிலிருந்துதான்.

எங்கள் ஒலிப்பதிவு ஆசிரியர் ஒலிநாடாக் காலத்திலிருந்து வேலை பார்த்தவர். ஒருநாள் மிருதங்கக் கலைஞர் ஒருவரை வரவழைத்து, இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒரு மைக், வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒரு மைக் என்று எங்களையே வைக்கச் சொன்னார். வைத்தோம். தனித்தனியாகக் கேட்டபோது இரண்டும் அழகாகவே இருந்தன. இரண்டையும் ஒரே தடமாகச் சேர்த்து மோனோவில் ஒலிக்கவிட்டதும் தொப்பியின் கும்கி என்ற ஆழமான நாதம் எங்கோ போய்விட்டது. தகரத்தில் தட்டுவதைப் போலிருந்தது. எங்களில் ஒருவர் உடனே தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவை மாற்றும் ஈக்யூவைத் திறந்து கீழ்ஸ்தாயியைத் தூக்கப் போனார். ஆசிரியர் கணினித் திரையை அணைத்துவிட்டு, "எதையும் தூக்காதீங்கப்பா, முதல்ல கேளுங்க" என்றார். பிறகு வலந்தலை மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பில், அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை ஒரு முறை அழுத்தினார். கும்கி அப்படியே திரும்பி வந்து அறையை நிறைத்தது. ஒரு பக்கத்துத் தோல் உள்ளே அமுங்கும்போது மறுபக்கத்துத் தோல் வெளியே புடைக்கிறது. ஆகவே ஒரு மைக்கில் அலை ஏறும்போது மற்றதில் இறங்குகிறது, இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இதை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன், படமும் பார்த்திருந்தேன். ஆனால், எதிரே ஒரு கலைஞர் வாசித்துக்கொண்டிருக்க, இழந்த நாதம் ஒரு பொத்தானில் திரும்பி வருவதைக் காதால் கேட்ட பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. அன்று மாலை அவர் வலந்தலை மைக்கை நான்கு விரற்கடை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் சொற்கட்டு எப்படித் தெளிகிறது, எப்படி மங்குகிறது என்று ஒன்றரை மணி நேரம் கேட்கவைத்தார். அந்த ஒரு நாளுக்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

காதுப் பயிற்சியும் அவர்தான் கொடுத்தார். பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை ஓடவிட்டு, அதில் ஏதாவது ஓர் அதிர்வெண்ணை உயர்த்திவிட்டு, எது என்று சொல்லச் சொல்வார். தொடக்கத்தில் 250 ஹெர்ட்ஸுக்கும் 2,500 ஹெர்ட்ஸுக்குமே தடுமாறியவர்கள், நான்கு மாதத்தில் 250-க்கும் 400-க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தொடங்கினோம். இதற்கு இப்போது செயலிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் தவறாகச் சொன்னவுடன் ஏன் தவறினோம் என்று விளக்க ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது வேறு.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். வீட்டில் என் அறை 10 அடிக்கு 10 அடி. அங்கே நான் செய்யும் மிக்ஸ் எல்லாம் அறையில் கேட்க நன்றாக இருக்கும், காரில் போட்டால் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி குமுறும். இரண்டு ஆண்டுகளாக ஸ்பீக்கரையும் மென்பொருளில் சேர்க்கும் பிளக்-இன்களையும் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஒரு மிக்ஸைப் பள்ளியின் பெரிய அறையில் ஒலிக்கவிட்டபோது, ஆசிரியர் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "உங்க ரூம் எவ்வளவு நீளம்? எங்க உக்காந்து கேப்பீங்க?" என்று கேட்டார். நடுவில் என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினார். ஒலி நொடிக்கு 343 மீட்டர் பயணிக்கிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர், அந்தத் தூரத்துக்குள் பாதி அலையாக அடங்கும் அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ் அளவில் வரும், அந்த அலை சுவரோரம் பெருத்தும் அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு திசையிலும் அதே இடத்தில் அதே பள்ளம். நான் கேட்காத பாஸை இல்லையென்று நினைத்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நாற்காலியை முன்சுவரிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு மாற்றினேன். தச்சரிடம் சட்டம் செய்து வாங்கி, ஒலியை உறிஞ்சும் ராக்வூல் அடைத்துத் துணி போர்த்தி நான்கு மூலைகளிலும் நிறுத்தினேன். எல்லாம் சேர்த்து 8 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அறை முழுதும் சரியாகிவிடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் மிக்ஸ் காரில் குமுறியதில்லை. என் அறையில் எந்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்பதை எந்தக் காணொளியும் என்னைக் கேட்டிருக்காது.

இப்படிப்பட்ட நாள்கள் ஆண்டில் எத்தனை கிடைத்தன என்று பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. எங்கள் தொகுதியில் 24 பேர். ஒலிகளைக் கலக்கும் நல்ல கன்சோலும் சரியாக ஒலி கட்டுப்படுத்தப்பட்ட அறையும் பள்ளியில் ஒன்றே ஒன்று. வகுப்பு நேரம் போக அந்த அறை வாரத்துக்கு 20 மணி நேரம் மாணவர்களுக்குக் கிடைக்கும். மூன்று பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டரை மணி நேரம், என் கை கன்சோலில் படுவது 50 நிமிடம். 40 வாரங்களுக்குக் கூட்டினால் ஏறக்குறைய 33 மணி நேரம்தான். கட்டிய தொகையை அதனால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 12,500 ரூபாய் வருகிறது. வகுப்புகளையும் ஆசிரியரையும் கணக்கில் சேர்க்காத வகுத்தல் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சேர்க்கையின்போது அந்த அறையை மட்டும் சுற்றிக்காட்டி, "இதெல்லாம் உங்களுக்குத்தான்" என்றவர்கள், எத்தனை பேருக்கு நடுவில் என்பதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது பருவத்தில் அந்த அறை இரண்டு வாரங்களுக்கு வெளியாருக்கு வாடகைக்கு விடப்பட்டபோது, எங்கள் நேரத்தை ஈடுசெய்வதாகச் சொன்னார்கள், ஈடுசெய்யவில்லை. எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதிலும் வரவில்லை. வீட்டில் கடன் வாங்கிப் படிக்க அனுப்பப்பட்ட பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள் என்பதால் இதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

அப்படியானால் முன்பெல்லாம் எப்படிக் கற்றார்கள் என்று கேட்கலாம். இளையராஜா சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார்; ஏ.ஆர்.ரகுமான் சிறுவயதிலேயே பல இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்துவிட்டு, பிறகு வீட்டிலேயே தம் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். ஓர் ஆசானிடம் கற்பது, பிறகு பிரசாத், ஏ.வி.எம். போன்ற கூடங்களில் நடந்த பெரிய ஒலிப்பதிவுகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தபடியே மற்றதைக் கண்ணாலும் காதாலும் வாங்கிக்கொள்வது என்பதுதான் அன்றைய பள்ளி. வயலின்கள் வரிசையாக உட்காரும் அந்தப் பதிவுகள் இன்று குறைந்துவிட்டன. பாட்டின் பெரும்பகுதி ஒருவர் மட்டும் இருக்கும் அறையில், ஒரு கணினியில் முடிந்துவிடுகிறது. அந்த அறையில் இன்னொரு நாற்காலிக்கு இடமில்லை. பள்ளிகளின் தேவை உண்மையில் அங்கேதான் எழுகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் மென்பொருளுக்கு மூன்று மாதம் ஒதுக்கிவிட்டு, கூட உட்கார்ந்து கேட்பதற்கு வாரத்தில் 50 நிமிடம் ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை.

வேறு வழிகளையும் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். ஒலிப்பதிவில்தான் நாட்டம் என்றால் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் செலவு குறைவு, ஆனால் அது திரைப்பட ஒலிக்கான படிப்பு. இசையைக் கருவியோடும் கோட்பாட்டோடும் அடியிலிருந்து கற்க விரும்புவோருக்கு ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்கு ஆண்டுக் கட்டணம் மட்டுமே 40 ஆயிரம் டாலருக்கு மேல். உதவித்தொகை இல்லாமல் அந்தக் கடனைச் சுமந்து திரும்பி வந்து இங்கே பாட்டுக்குச் சில ஆயிரங்கள் வாங்கிக்கொண்டு வேலை செய்வதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

படிப்பில் ஒரே ஓர் அரைநாள், ஒப்பந்தங்களுக்கும் காப்புரிமைக்கும் ஒதுக்கப்பட்டது. அது ஒரு வாரமாவது நடந்திருக்க வேண்டும். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, திரைப்படப் பாட்டு ஒன்று திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் உரிமத்தொகையில், பாட்டின் உரிமையை வாங்கியவரோடு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள சமபங்கை, வாரிசுகளுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு எவருக்கும் அவர்கள் எழுதிக்கொடுத்துவிட முடியாது. அந்தத் தொகையைத் திரட்டித் தருவதற்கு 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் மெட்டுக்குப் புரோகிராமிங் மட்டும் செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதுதான் மிஞ்சும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அந்த வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள். மூன்று பேர் ஒரு தாளும் இல்லாமல் வேலை செய்து, பாட்டு வெளிவந்த பிறகு பெயரும் இல்லாமல் பணமும் இல்லாமல் நின்றதைப் பார்த்தேன்.

சான்றிதழை இதுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் இரண்டு பாட்டுகளை அனுப்புங்கள் என்பதுதான். எனக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் உடன்படித்தவர்கள் மூலமாக வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவு பதினோரு மணிக்கு ஒரு மிக்ஸை அனுப்பினால், "குரல் ரொம்ப முன்னாடி நிக்குது" என்று தயங்காமல் சொல்லும் நான்கு பேர் எனக்கு இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிதான் தந்தது.

ஆகவே, சொந்தமாக ஐந்தாறு பாட்டுகளையாவது முடித்து, எங்கே தடுக்கி நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு ஓராண்டுப் படிப்பு பயன்படும். அதுவும் கடன் வாங்காமல் கட்ட முடிந்தால். இன்னும் ஒரு பாட்டும் முடிக்காதவர்களுக்கு அது மிக விலையுயர்ந்த மென்பொருள் வகுப்பாகவே போய்விடும். சேருவதற்கு முன் பள்ளியின் முகப்பையும் கன்சோலையும் பார்த்து மயங்காமல், அந்த அறைக்கான முன்பதிவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதியில் எத்தனை பேர், ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், கலைஞர்களை வரவழைத்துப் பதிவு செய்வது ஆண்டில் எத்தனை முறை என்பதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். கடந்த ஆண்டு படித்தவர்களில் இரண்டு பேருடைய எண்ணைக் கேட்கலாம். தர மறுத்தால் அதுவே ஒரு விடை.

போன சித்திரையில் எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவனுடைய அப்பா, நகையை அடகு வைத்தாவது அவனைச் சேர்த்துவிடுகிறேன் என்று என்னிடம் வந்தார். ஓராண்டு பொறுங்கள் என்றேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், நல்ல ஹெட்போன் என்று 25 ஆயிரத்துக்குள் வாங்கவைத்து, வாரம் இரண்டு நாள் கீபோர்டு வகுப்புக்கும் அனுப்பச் சொன்னேன். ஆறு பாட்டு முடித்துக்கொண்டு வா, பிறகு பள்ளியைப் பற்றிப் பேசலாம் என்று அவனிடம் சொன்னேன். சென்ற வாரம் மூன்றாவது பாட்டைக் கொண்டுவந்தான். பெரியப்பாவின் தவிலைத் திண்ணையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறான். குரல் மங்கலாக இருக்கிறது, கீழ்ஸ்தாயி கலங்கிக் கிடக்கிறது. ஆனால் தவிலுக்கு மைக்கை எங்கே வைத்தாய் என்று கேட்டதற்கு, ஏழு இடத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் தூணுக்குப் பின்னால் வைத்ததாகச் சொன்னான்.