ஸ்காட்லாந்து 2014, பிரெக்சிட் 2016: எந்தப் பிரசாரம் வாக்காளரை மதித்தது?

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் முழுவதும் கேட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, வாக்காளரிடம் எப்படிப் பேசினார்கள் என்று மட்டும் பார்த்தால் ஸ்காட்லாந்துக்கே என் ஓட்டு.

அங்கே பேச நேரம் இருந்தது. வாக்கெடுப்பு நடத்த பிரிட்டன், ஸ்காட்லாந்து அரசுகள் செய்துகொண்ட எடின்பரோ ஒப்பந்தம் 2012 அக்டோபரில் கையெழுத்தானது முதல் கிட்டத்தட்ட 2 ஆண்டுகள். அதைவிட முக்கியம், எதிர்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆவணம் இருந்தது. தனிநாடு கேட்ட ஸ்காட்லாந்து அரசு 2013 நவம்பரில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. நாணயம், ஓய்வூதியம், ராணுவம் எல்லாம் எழுத்தில் இருந்தன. பவுண்டையே தொடர்ந்து பயன்படுத்துவோம் என்றது அறிக்கை. அதனால்தான் 2014 ஆகஸ்ட் 5 தொலைக்காட்சி விவாதத்தில், லண்டன் அரசு அதற்குச் சம்மதிக்காவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன என்று, தனிநாட்டை எதிர்த்த அணியின் தலைவர் அலிஸ்டர் டார்லிங் திரும்பத் திரும்பக் கேட்டு, ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டை மடக்க முடிந்தது. திட்டத்தின் ஓட்டை வாக்களிப்பதற்கு முன்பே மக்களுக்குத் தெரிந்தது.

2016-ல் தேதி அறிவித்து 4 மாதத்தில் வாக்கெடுப்பு. விலகல் அணியிடம் அப்படி ஓர் ஆவணமே இல்லை. கையில் இருந்தது ஒரு சிவப்புப் பேருந்து. வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை என்.எச்.எஸ். மருத்துவச் சேவைக்குத் தரலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்றியத்துக்குச் செலுத்தும் பணத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தவறான எண்ணம் தரும் கணக்கு என்று புள்ளிவிவர ஆணையம் பிரசாரத்தின்போதே சொல்லியும் பேருந்து ஓடிக்கொண்டேதான் இருந்தது. நீடிக்கச் சொன்ன அணியும் பெரும்பாலும் பயத்தையே விற்றது. விலகினால் நார்வே போல ஒன்றியத்தின் பொதுவான வணிகப் பரப்பான ஒற்றைச் சந்தையில் மட்டும் இருப்பதா, முழுதாக வெளியேறுவதா என்ற சண்டை வாக்குகளை எண்ணிய பிறகுதான் சூடுபிடித்தது. 2020 ஜனவரி 31 வரை விலகல் இழுத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

வாக்குரிமையிலும் வேறுபாடு. ஸ்காட்லாந்தில் 16 வயதினரும் வாக்களித்தார்கள். கிளாஸ்கோவில் வசித்த, ஒன்றியக் குடிமகனான போலந்துக்காரருக்கு 2014-ல் வாக்கு இருந்தது. அவர் பிரிட்டனில் வாழும் உரிமையே கேள்வியான 2016-ல் இல்லை. காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், பிரிட்டனில் வசித்த இந்திய, இலங்கைத் தமிழர்களுக்கோ அப்போதும் வாக்கு இருந்தது. வாக்குப்பதிவு ஸ்காட்லாந்தில் 84.6 சதவீதம், பிரெக்சிட்டில் 72.2.

ஸ்காட்லாந்திலும் ஒரு காரியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனுக்குள் இருந்தபடியே ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் என்ற மூன்றாவது தேர்வுக்கு 2012-ல் வாக்குச்சீட்டில் இடம் தர மறுத்தவர் அன்றைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன். அவரே மற்ற இரு கட்சித் தலைவர்களோடு சேர்ந்து, வாக்குப்பதிவுக்கு 2 நாள் முன்பு, ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் அதை வாக்குறுதியாகத் தந்தார். அதற்குள் பலர் தபால் வாக்குகளை அனுப்பி முடித்திருந்தார்கள்.