மீன்கள் திடீரென இறந்தால் முதலில் எதைப் பார்ப்பது: தர்மபுரித் தண்ணீரில் ஒரு தொட்டியின் அனுபவம்

தர்மபுரி நகரில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையும் வீட்டுப் போர் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஒரு வீட்டில், சுமார் 100 லிட்டர் கொள்ளும் நன்னீர் மீன் தொட்டியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இந்தக் காலத்தில் வாங்கிய பொருள்களில் இன்றும் தொட்டியருகே இருப்பவை சொட்டு முறையில் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி, காற்றுப் பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம், ஒரு சாதாரண வெப்பமானி ஆகியவைதான். வண்ண வண்ணக் குப்பிகளில் வந்த மருந்துகள் பரணுக்குப் போய்விட்டன. ஒரே இரவில் மீன்கள் கூட்டமாக இறந்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதும், எந்த மீன் எந்த நேரத்தில் இறந்தது என்பதைக் கவனித்தாலே காரணத்தின் பாதி தெரிந்துவிடும் என்பதும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டவை.

நோய் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். வெள்ளைப் புள்ளியோ, துடுப்பு அரிப்போ, செதில் தூக்கி நிற்பதோ சில நாள்களாகவே கண்ணுக்குத் தெரியும். எல்லா மீன்களையும் ஒரே வேளையில் வீழ்த்தாது. நேற்று இரவு நன்றாகத் தீனி எடுத்த மீன்கள் விடியற்காலையில் மிதந்தால், அதுவும் பெரிய மீன்கள் முதலில் இறந்து சிறியவை மேற்பரப்பில் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தால், ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். கௌராமி, ஃபைட்டர் வகை மீன்களுக்கு மேற்பரப்புக்கு வந்து வெளிக்காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு; கோல்ட் ஃபிஷ் இறந்து கிடக்க இவை மட்டும் சாதாரணமாக நீந்தினால் அந்த ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது. மாறாக, சிறிய மீன்களும் இறாலும் முதலில் சாய்ந்தால் தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் மீன்கள் துள்ளிச் சுழன்றால் குளோரினை நினைக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் மீன் இறந்தது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஃபுளோரைடு என்பதாகவே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் குடிநீருக்கான உச்ச வரம்பாகிய லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை ஓரளவு தாண்டிய ஃபுளோரைடு, மனிதர்களின் பல்லையும் எலும்பையும் ஆண்டுக்கணக்கில் பாதிப்பதைப் போல, ஒரே இரவில் மீனைக் கொல்வதில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினமான தண்ணீரில் மீன்களுக்கு ஃபுளோரைடின் நச்சுத்தன்மை மேலும் குறைகிறது. என் தொட்டியில் போர் தண்ணீரிலேயே மோலியும் கப்பியும் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டு வளர்கின்றன.

போர் தண்ணீரின் உண்மையான சிக்கல் அதன் பிஎச் அளவில், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவில் இருக்கிறது. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீரில் கரியமில வாயு மிகுதியாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். உடனே சோதித்தால் பிஎச் 7.2 என்று காட்டும் அதே தண்ணீர், ஒரு டிரம்மில் காற்றைக் குமிழ்களாக விடும் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்த பிறகு 8.2 என்று காட்டுகிறது. இந்த வேறுபாட்டின் விளைவு அம்மோனியாவில்தான் தெரியும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உருவாகும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றுதான் கடும் நஞ்சு. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பிஎச் 8.2 ஆனால் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் ‘அம்மோனியா கொஞ்சம்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோடையில் குழாய்த் தண்ணீர் வராத வாரங்களில் பாதித் தொட்டியை ஒரேயடியாகப் போர் தண்ணீருக்கு மாற்றுவது ஆபத்தாக முடிவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இப்போது கால் பங்குக்கு மேல் ஒரே நாளில் மாற்றுவதில்லை. போர் தண்ணீரை முந்தைய நாளே பிடித்துக் காற்றூட்டி வைத்துவிடுகிறேன்.

சோதனைப் பெட்டியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது இதனால்தான். சோதனைத் தாள்களையும் நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றின் விலை குறைவு. ஆனால் டப்பாவைத் திறந்த பிறகு ஈரக்காற்று பட்டு நிறம் மங்குகிறது. பல தாள்களில் நமக்கு மிகவும் தேவையான அம்மோனியா சோதனையே இருப்பதில்லை. சொட்டு முறைப் பெட்டிக்குத் தொடக்கச் செலவு அதிகமானாலும் ஒரு பெட்டி நீண்ட நாள் வருகிறது. அம்மோனியா சிதைந்து கடைசியில் உருவாகும் நைட்ரேட்டின் சோதனைக்கான இரண்டாவது குப்பியை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும் என்பதையும், டியூப் லைட் வெளிச்சத்தில் பார்ப்பதைவிடப் பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிடுவதே சரி என்பதையும், குப்பியின் காலாவதித் தேதி கடந்தால் அந்த அளவை நம்பக் கூடாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். அம்மோனியாவும், அது சிதையும்போது இடையில் உருவாகும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருப்பதே நல்ல தொட்டிக்கு அடையாளம். நைட்ரைட் ஏறியிருந்தால் அது மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் அளவில் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே செல்வதைத் தடுக்கிறது. ஆனால் சில செடிகளும் தரைவாழ் கெளுத்திகள் சிலவும் உப்பை விரும்புவதில்லை.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பற்றி அழகுணர்ச்சி உள்ளவர்கள் குறை சொல்வார்கள்; தொட்டியின் மூலையில் கறுத்துப் போன பஞ்சுக் கட்டை நிற்பது பார்வைக்கு நன்றாக இல்லைதான். ஆனால் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் அதன் அருமை தெரியும். தொட்டிக்கு வெளியே மூடிய பெட்டிக்குள் இயங்கும் ஃபில்டரில், ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அழியத் தொடங்குகின்றன. மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் நேராகத் தொட்டிக்குள் பாய்கிறது. பஞ்சு தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திறந்து இருப்பதால் இந்தச் சேதம் மிகக் குறைவு. சிறிய காற்றுப் பம்புக்குச் சில வாட் மின்சாரமே போதும் என்பதால் அதை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டிருக்கிறேன். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால், 32 டிகிரியில் சுமார் 7.3 மில்லிகிராம்தான் பிடிக்கும். மே மாதத்தில் எங்கள் வீட்டுத் தொட்டி இந்த வெப்பத்தைச் சாதாரணமாக எட்டுகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் பம்பை இரவில் நிறுத்தும் பழக்கம் உள்ள வீடுகளில்தான் விடியற்காலை மரணங்கள் அதிகம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குழாயடியில் கழுவினால் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

குளோரினைப் பொறுத்தவரை ஹைப்போ படிகமே போதுமானது. கடைகளில் ஆன்டி குளோரின் என்று நீலம் கலந்து விற்பவற்றில் பலவும் இதுவேதான். 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் படிகம் என்ற கணக்கில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கு 1.4 கிராம் ஆகும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் குழாயைத் திறக்கும்போதே வாடை அடிக்கும். அன்றைக்குத் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று உண்டு. காற்றுப் பம்பு அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துகிறது. அறையில் கொசுவிரட்டி எரிந்தால் அதன் புகையையும் ஆவியையும் சேர்த்தே செலுத்துகிறது. கொசுவிரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு ஓரளவு தாங்கக்கூடியவை என்றாலும் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சு. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்கு நடுவே உள்ள என் அக்கா வீட்டில், மா பூக்கும் பருவத்தில் மருந்தடித்த மறுநாள் தொட்டியில் முதலில் இறால்களும் பிறகு சிறிய டெட்ரா மீன்களும் இறந்தன. கோல்ட் ஃபிஷ் தப்பித்தது. பம்பு தோப்பைப் பார்த்த சன்னலோரத்தில் இருந்தது. அதை வீட்டின் உட்புறத்துக்கு மாற்றி, மருந்தடிக்கும் நாள்களில் சன்னலைச் சாத்தி வைக்கத் தொடங்கிய பிறகு அப்படி நேரவில்லை. தெருவில் கொசுப்புகை அடிக்கும்போது தொட்டியின் மேல் ஈரத்துணியைப் போர்த்திப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறேன்.

மீன் இறந்த பதற்றத்தில் கடைக்குப் போனால் “ஒரு மூடி நீல மருந்து ஊத்துங்கண்ணா, சரியாயிடும்” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வணிகம் அது. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் அந்த நீல மருந்தான மெத்திலீன் புளூ உதவும். ஆனால் தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டரின் நுண்ணுயிர்களைக் கெடுத்து, அம்மோனியாவால் தவிக்கும் மீன்களுக்கு மேலும் அம்மோனியாவைச் சேர்க்கும். இறந்தவற்றை உடனே எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, பிஎச்சும் வெப்பமும் நெருங்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, காற்றைக் கூட்டி, இரண்டு நாள் தீனியை நிறுத்துவது காரணம் தெரியாத நிலையிலும் கேடு செய்யாது.

புதிய மீன்களைச் சென்னைக் கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில் வரவழைப்போர் இந்த பிஎச் கணக்கைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருப்பதால், அங்கே திரண்ட அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, நம் கடினமான தண்ணீரும் சொட்டுச் சொட்டாகச் சேரும்போது, பிஎச் ஏறி அதே அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. ஆகையால் நெடுந்தூரம் வந்த மீன்களைத் திறந்த பையில் வைத்து மணிக்கணக்கில் சொட்டுநீர் விடுவதைக் கைவிட்டுவிட்டேன். மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த உடனே மீன்களை வலையால் எடுத்து, காற்றூட்டிய தனித் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடுகிறேன்.