நூறு கிலோ ஆளுக்கு எந்த லேடெக்ஸ் மெத்தை?

மெத்தைக் கடையில் சாஃப்ட், மீடியம், ஃபர்ம் என்று மூன்று வகை காட்டுவார்கள். எடை கூடியவர்கள் அதை அப்படியே நம்ப வேண்டாம். 65 கிலோ ஆளுக்கு ஃபர்மாகத் தெரிவது 100 கிலோ ஆள் படுத்தால் மீடியம் ஆகிவிடும். நாம் கேட்க வேண்டியது அடர்த்தியை, அதாவது ஒரு கன மீட்டர் லேடெக்ஸ் (ரப்பர் பால் நுரை) எத்தனை கிலோ என்பதை.

முதலில் டன்லப், தலாலே என்ற இரண்டு செய்முறைகள். ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூட்டில் வேகவைத்து எடுப்பது டன்லப். ஏறக்குறைய இட்லி ஊற்றுகிற வேலைதான். வேகும் முன் கனமான துகள்கள் கொஞ்சம் கீழே படிவதால் அடிப்பக்கம் சற்றே இறுக்கமாக இருக்கும். தலாலேயில் அச்சைப் பாதி நிரப்பி மூடி, காற்றை உறிஞ்சி நுரையை உப்ப வைக்கிறார்கள். அதை அப்படியே உறையவைத்து, கரியமில வாயுவைச் செலுத்தி இறுகச் செய்த பிறகுதான் வேகவைப்பது. நுரை ஒரே சீராக வரும், மெத்தையும் மென்மையாகத் துள்ளும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

நூறு கிலோ ஆளுக்கு அடிப்பகுதியாக என் ஓட்டு டன்லப்புக்குத்தான். மல்லாந்து படுக்கும்போது அதிகம் அமுங்குவது இடுப்பு. அந்த இடத்தில் டன்லப் எதிர்த்து நிற்கும், மென்மையான தலாலே இடம் கொடுத்துவிடும். ஆனால் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு வெறும் டன்லப்பில் தோள் வலிக்கலாம். அவர்கள் 6 அங்குல டன்லப் மேல் 2 அங்குல தலாலேயோ மென்மையான டன்லப்போ போட்டுக்கொள்ளலாம். எப்படியும் மொத்தம் 8 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

அடுத்தது, முழு லேடெக்ஸா, மேலே மட்டும் லேடெக்ஸா? ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். 'லேடெக்ஸ் மெத்தை' என்று விற்பதில் பல, மேலே ஓரிரு அங்குலம் லேடெக்ஸும் கீழே சாதாரண பி.யு. (பாலியூரிதேன்) ஃபோமும் வைத்தவை. எடை கூடியவரின் பாரம் அந்த மெல்லிய அடுக்கைத் தாண்டி ஃபோமில்தான் இறங்கும். முதலில் பள்ளம் விழுவதும் அந்த ஃபோம்தான். மேலே இருக்கும் லேடெக்ஸ் நன்றாக இருந்து என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். 78க்கு 60 அங்குலம், 6 அங்குல உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 0.46 கன மீட்டர். 85 அடர்த்தி உள்ள முழு லேடெக்ஸ் என்றால் மெத்தை 39 கிலோ வரும். கடைக்காரர் 25 கிலோ என்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது அல்லது லேடெக்ஸ் மிக லேசானது. உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கவே முடியாத உறை என்றால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

முழு லேடெக்ஸுக்குப் பணம் போதவில்லையா? அப்போது கீழே ரீபாண்டட் ஃபோம், மேலே 2 அங்குல லேடெக்ஸ். துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய இந்த ரீபாண்டட் கரடுமுரடானது, ஆனால் பாரம் தாங்கும். ரப்பரைஸ்டு காயர், அதாவது ரப்பர் பூசிய தேங்காய் நார் அடிப்பகுதியைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளாக ஆக நார் நொறுங்கி நடுவில் குழியும். பாக்கெட் ஸ்பிரிங் (தனித்தனித் துணிப்பையில் வைத்த ஸ்பிரிங்) மேல் லேடெக்ஸ் வைத்தவை காற்றோட்டத்தில் நல்லவை. ஸ்பிரிங் கம்பியின் தடிமனைச் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

இயற்கை லேடெக்ஸா, செயற்கை கலந்ததா என்பதற்கு விளம்பரங்களில் பெரிய இடம் இருக்கிறது. இயற்கை ரப்பர் துள்ளி மீள்வதில் மேல், உண்மைதான். ஆனால் அடர்த்தி குறைந்த இயற்கை லேடெக்ஸை விட அடர்த்தி கூடிய கலப்பு நமக்கு உழைக்கும் என்பது என் எண்ணம்.

வாரண்டி அட்டையையும் வாசியுங்கள். 10 வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பல அட்டைகளில், ஆள் படுக்காதபோது இத்தனை அங்குலம் பள்ளம் தெரிந்தால்தான் மாற்றுவோம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மெத்தை தொளதொளத்துப் போனதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கட்டிலும் முக்கியம். சட்டங்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் லேடெக்ஸ் அதற்குள் இறங்கிக் கிழியத் தொடங்கும். இரட்டைக் கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் கட்டாயம் வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். 40 கிலோவை ஒற்றை ஆளாகப் புரட்ட முடியாது, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலவம்பஞ்சு மெத்தையைப் போல இதை மொட்டை மாடியில் காயப்போட வேண்டாம். பஞ்சுக்கு வெயில் மருந்து, லேடெக்ஸுக்கு விஷம். வெயில் பட்ட இடம் மஞ்சளாகி, விரல் வைத்தால் பொடியாக உதிரும். ஈர வாடை வந்தால் உறையைக் கழற்றித் துவைத்துவிட்டு, மெத்தையை நிழலில் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள்.