ஐந்து ரோடு பிரேம் கடையில் ஹோமரும் ஈக்கின்ஸும்

சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் பிரேம் போட்டுப் பழகிய கடை. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. இப்போது ஓவியப் பிரதிகளும் அச்சடித்துத் தருகிறார்கள். மரவேலையை நம்பிக் கொடுக்கலாம். அச்சடிக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கடையைச் சோதிக்கச் சரியான படம் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் 'ஸ்நாப் தி விப்' (1872). பள்ளிக்கூடத்து எதிரில் வெறுங்காலோடு பையன்கள் கைகோத்து ஓட, கடைசியில் இருப்பவர்கள் தெறித்து விழுகிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள மூலமே 30.5 × 50.8 செ.மீ., அதாவது 12-க்கு 20 அங்குலம்தான். மூல அளவிலேயே வீட்டுச் சுவரில் மாட்டலாம். காப்புரிமை முடிந்த படங்களை 2017 முதல் அந்த மியூசியமே இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து இறக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடையில் கூகுளில் தேடி எடுப்பதை நம்ப வேண்டாம். 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 6000 × 3600 பிக்சல் வேண்டும். பாதி இருந்தால் கேன்வாஸ் ஓரளவு தாங்கும், பேப்பரில் முகங்கள் குழம்பிவிடும்.

முதல் தப்பு அளவில் வருகிறது. இவர்களின் வழக்கமான தாள் 12-க்கு 18. சும்மா விட்டால் தாளை நிரப்பி அடித்து, பக்கவாட்டில் 2 அங்குலத்தை வெட்டிவிடுகிறார்கள். பையன்கள் விழுவது இடது பக்கம். அங்கே நறுக்கினால் ஆட்டமே போச்சு. ரோல் பேப்பரில், சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மவுண்ட் போர்டு, அதாவது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும் அட்டைச் சட்டம், அந்த வெள்ளையில்தான் உட்கார வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை 'கலர் ஏத்துறது'. கேட்காமலே ஆட்டோ கரெக்‌ஷனைத் தட்டுகிறார்கள். ஹோமரின் வாடிய புல் வாழைத்தோப்பாகிவிட்டது. தாமஸ் ஈக்கின்ஸ் 1871-இல் வரைந்த படகோட்டிப் படத்தில், படகோட்டி மேக்ஸ் ஷ்மிட்டுக்குப் பின்னால் தூரத்தில் துடுப்புப் போடுகிறவர் ஈக்கின்ஸேதான்; தன் பெயரைத் தன் படகின் மேலேயே எழுதியிருக்கிறார். ஷார்ப்னஸ் ஏற்றியதில் அந்த இடம் வெறும் புள்ளிகள். ஜார்ஜ் பெல்லோஸின் குத்துச்சண்டைப் படத்தில் (1909) நேரெதிர்: கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முகங்கள் கறுப்பில் முங்கிவிட்டன. அன்றாட வாழ்க்கையை இருந்தபடி வரைந்தவர்கள் இவர்கள். காலண்டர் படம்போல் மினுக்கினால் எதற்கு வாங்குவது? "எதையும் மாத்தாம அடிங்க" என்று சொல்லி, இருட்டான பகுதியில் 6 அங்குலப் பட்டை ஒன்றை முதலில் அடித்து, காய்ந்தபின் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆல்பத்தில் எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' (1942) காட்டுவார்கள். ஹாப்பர் இறந்தது 1967. நம் சட்டப்படி அதன்பின் 60 ஆண்டு, அதாவது 2027 முடியும்வரை காப்புரிமை உண்டு. உரிமை பெறாத பிரதி, ஃபைலும் மட்டம். தவிர்த்துவிடுங்கள்.

பிரேம் வேலை அருமை. மூலையில் நகம்கூட நுழையவில்லை. சுற்றிலும் 2 அங்குல மவுண்ட் வைத்தால் 16-க்கு 24 ஆகிறது. ஓர் அங்குல பீடிங் (பிரேமுக்கான சட்டம்) என்றால் மூலை வெட்டும் கழிவும் சேர்த்து ஏழரை அடி போதும். பத்தடிக்குக் கணக்குப் போட்டால் கேளுங்கள்.

ஏற்காட்டு வீடு என்றால் மவுண்டை மிச்சம் பிடிக்காதீர்கள். பனிமூட்டத்தில் ஈரம் ஏறி, இடைவெளி இல்லாத பிரிண்ட் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மை உரியும். பின்பக்கக் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தானும் வேண்டும், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக. கேட்டால் சும்மாவே ஒட்டித் தருகிறார்கள்.