மூலையைப் பார்த்து வாங்குங்கள்: ஓர் இடைக்காலக் கோட்டைத் தொகுப்பு

கணினி விளையாட்டில் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவதற்கான முப்பரிமாணக் கோட்டைத் தொகுப்பை விற்பவர்கள் எப்போதும் கொத்தளத்தைத்தான் முன்னால் காட்டுகிறார்கள். அந்தி வெயில், பறக்கும் கொடி, பின்னால் மலை. நான் மூலையைத் தேடுவேன். இரண்டு மதில் துண்டுகள் சேருமிடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் செய்தவரின் கைத்தரம் தெரிந்துவிடும். அண்மையில் நாங்கள் விலைக்கு வாங்கிய தொகுப்பு இந்தச் சோதனையில் பாதிதான் தேறியது. சலுகை விலையில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் வாங்கிய கையோடு கோட்டை கட்டிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காரைக்குடியில் இருந்துகொண்டு நானும் தேவகோட்டைத் தம்பி ஒருவரும் முற்றுகை விளையாட்டு ஒன்றைச் செய்து வருகிறோம். நிரல் எழுதுவது அவர். இடங்களைக் கட்டுவது நான். கதை நடப்பது இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் காலத்து வேல்ஸில். 1283-இல் கட்டத் தொடங்கிய கான்வி கோட்டைதான் எங்களுக்கு மாதிரி. எட்டுப் பெரிய வட்டக் கொத்தளங்கள், பாறை முதுகின் மேல் வளைந்து செல்லும் மதில். இவ்வளவையும் கல் கல்லாக வடிக்க இரண்டு பேரால் ஆகாது என்பதால்தான் துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பைத் தேடிப் போனோம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. ஒரு கல்லின் விளிம்பில் அறுபடும் கொடி அடுத்த கல்லில் தொடர வேண்டும். ஓரப்பட்டைக்குத் தனிக் கல், அது திரும்பும் மூலைக்குத் தனிக் கல். மூலைக்கல் இல்லாமல் ஓரக்கல்லையே திருப்பி வைத்தால் கொடி பாதியில் நின்றுபோகும்.

இந்தத் தொகுப்பில் மதில் துண்டுகள் நான்கு, இரண்டு, ஒரு மீட்டர் நீளங்களில் இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்தும் அன்ரியல் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர் என்பதால் கட்டத்தை நூறுக்கு வைத்துவிட்டால் நேர்மதில் முழுவதும் இழுத்த இடத்தில் ‘டக்’ என்று உட்காருகிறது. துண்டைச் சுழற்றும் அச்சுப்புள்ளியை அடிமூலையில் வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு. வெளியே துருத்தும் மூலைக்கு அழகான தனித் துண்டும் உண்டு. உள்ளே மடியும் மூலைக்குத்தான் எதுவும் இல்லை. வேறு வழியின்றி இரண்டு நேர்த்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினேன். செருகிய இடத்தில் இரண்டு தரைப்பரப்புகள் ஒரே மட்டத்தில் படிந்து, கேமரா நகரும்போதெல்லாம் மினுமினுக்கின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு மதிலின் ஞாயில் வரிசை (மதில் உச்சியில் பல் போல எழும் மறைப்புச் சுவர்) மற்ற மதிலின் நடைபாதைக்குக் குறுக்கே போய் நிற்கிறது. ரோந்து வரும் காவலன் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கிறான். ஞாயில்களை வெட்டி, நடைபாதையை ஒட்டி, அந்த ஒரு துண்டை பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் நானே செய்துகொண்டேன். காசு கொடுத்து வாங்கியவர் செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். அம்பு எய்யும் புழைகளைக் கோட்டைகளைப் படித்த யாரோ செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கை நுழையாத கீறல். உள்ளே போனால் சுவரின் கனத்துக்குள் இருபுறமும் சரிந்து விரிந்து, வில்லாளி தோளைச் சாய்த்து நிற்க இடம் தருகிறது. விலை குறைந்த பல தொகுப்புகள் இந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டி முடித்துவிடும். வாசலின் இரும்பு முனைக் கதவு தனித் துண்டாக, மேலே ஏறி இறங்கும்படி இருக்கிறது. கல் விளிம்பு, படி, வளைவு எல்லாவற்றின் மேற்பரப்பும் ஒரே ட்ரிம் ஷீட்டிலிருந்து, அதாவது பல துண்டுகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே பட்டைப் படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதனால் நூறு துண்டு வைத்தாலும் எங்கள் பழைய கணினி திணறவில்லை.

மேட்டில் ஏறும்போது மறுபடியும் சிக்கல். எல்லாத் துண்டுகளும் அடிமட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. சரிவில் வைத்தால் ஒரு முனை மண்ணுக்குள், மறுமுனை காற்றில். திருமயம் இங்கிருந்து புதுக்கோட்டை போகும் வழியில்தான் இருக்கிறது. 1687-இல் சேதுபதி கட்டிய அந்தக் கோட்டையில் மதில் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அடிக்கல்லைக் கூட்டியும் குறைத்தும் ஏறுவதை நடந்தே பார்க்கலாம். கான்வியும் பாறை மேல்தான் நிற்கிறது. சமதரையில் நின்ற கோட்டைகள் உண்டு, ஆனால் உயரம் தேடிப்போய்க் கட்டியவை ஏராளம். தரைக்குக் கீழே புதைப்பதற்கு இரண்டு மீட்டர் அடித்தளத் துண்டு ஒன்று கொடுத்திருந்தால் போதும்.

எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் ஏற்பட்டது நிறத்தில். தொகுப்பு முழுக்கச் சாம்பல் கல், வெறுங்கல். இன்று நாம் பார்ப்பது பூச்சு உதிர்ந்த மிச்சம். லண்டன் கோபுரம் எனப்படும் கோட்டையின் நடுவே இருக்கும் பெரிய கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லி இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி 1240-இல் ஆணையிட்டார். வெள்ளைக் கோபுரம் என்ற பெயரோடுதான் அது இன்றும் நிற்கிறது. கான்வியின் சுவரிலும் சுண்ணாம்புப் பூச்சின் தடயம் உண்டு. சுண்ணாம்பு அரைத்துப் பூசி மெருகேற்றிய சுவர்களைத் தொட்டு வளர்ந்தவள் நான். இதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் வெளிச்சுவரைப் படமெடுத்து வந்தேன். முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு ஏடு ஏடாக உரிந்திருந்தது. மேலே மழைநீர்த் தாரைக்குக் கீழே கறுப்பு வழிசல்கள். நடுவில் மட்டும் பழைய வழவழப்பு. இந்த மூன்று நிலைகளையும் மூன்று அடுக்குகளாக்கி, வெர்டெக்ஸ் பெயின்ட்டால், அதாவது வடிவத்தின் முனைப்புள்ளிகளில் நிறம் தீட்டி அடுக்குகளைக் கலக்கும் முறையால், துண்டு துண்டாகத் தீட்டினேன். ஒரே மதில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தம்பி முன்பு அடிக்கடி குறை சொல்வார்; அதன் பிறகு சொல்லவில்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் கறை வேறாக இருக்கும்போது கண் துண்டுகளை எண்ணுவதில்லை. தீட்டுவதற்கான வசதியைத் தொகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறேன். பூச்சு அடுக்கு ஒன்றையும் அவர்களே சேர்த்திருக்கலாம்.

கொத்தளங்களின் உச்சியில் வெளியே துருத்தி நிற்கும் மாடங்களுக்கு அடியில் ஓட்டையே இல்லை. எதிரியின் தலையில் கல்லைப் போடுவதற்காகக் கட்டப்படுவது அது. முற்றுகை விளையாட்டுக்கு இது சின்னக் குறை அல்ல.

கோட்டையைத் தூரத்தில் காட்டினால் போதும், அல்லது சமதரையில் சதுரமாகக் கட்டினால் போதும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பிளெண்டரில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்களும் வாங்கலாம். புழைகளுக்காகவும் வாசலுக்காகவும் அந்தப் பணம் தகும். இப்போதுதான் கற்றுக்கொள்பவர்கள் முதலில், விளையாட்டுப் பொருள்களை இலவசமாகத் தரும் கென்னி என்பவரின் கோட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வடிவம் எளிமையானது, உரிமையை முழுவதும் விட்டுக்கொடுக்கும் சிசி0 (CC0) உரிமம் என்பதால் விற்பனைக்கான விளையாட்டிலும் தடையின்றிச் சேர்க்கலாம். அதில் ஒரு முழு மதிலைச் சுற்றிக் கட்டி, மூலைகளைத் திருப்பிப் பழகியபின் காசு செலவழியுங்கள். வாங்குவதற்கு முன் துண்டுகளின் பட்டியலைத் திறந்து, உள்மூலையும் அடித்தளமும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பட்டியலே போடாத தொகுப்பை நான் இனி வாங்குவதாக இல்லை.