மூளை ரத்தக்குழாய் அழற்சி: ஆஞ்சியோகிராமா, பயாப்சியா?

எம்ஆர்ஐயில் சந்தேகம், முதுகுத்தண்டு நீரிலும் வெள்ளையணுக்கள் அதிகம். அடுத்து எது?

செய்முறை
ஆஞ்சியோகிராம்: தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே குழாய் விட்டு, சாயம் செலுத்திப் படமெடுப்பார்கள்.
பயாப்சி: மண்டையோட்டைச் சிறிது திறந்து, மூளையுறையோடு மூளைத் துணுக்கும் எடுப்பார்கள்.

எது தெரியும்
ஆஞ்சியோகிராம்: பெரிய, நடுத்தரக் குழாய்களில் மணிமாலை போன்ற சுருக்கம். சிறு குழாய்கள் தப்பிவிடும். தற்காலிகக் குழாய் இறுக்கமும் இதே மணிமாலையைக் காட்டும். இடி விழுந்தாற்போல் தலைவலி வந்திருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானே தளரும்.
பயாப்சி: சிறு குழாய் அழற்சி தெரியும். காசநோய், லிம்போமாவையும் (நிணநீர்ப் புற்றுநோய்) பிரித்துக் காட்டும். காசநோய் முற்றிலும் ஒழியாத சிங்கப்பூரில் இது முக்கியம். நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் ஏறக்குறைய நான்கில் ஒரு பயாப்சியில் நோய் பிடிபடாமல் போகும்.

ஆபத்து
ஆஞ்சியோகிராம்: சாய ஒவ்வாமை, அரிதாகப் பக்கவாதம். சிறுநீரகம் பலவீனமென்றால் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) பற்றிக் கேளுங்கள்.
பயாப்சி: ரத்தக்கசிவு, வலிப்பு.

செலவு
பயாப்சிதான் அதிகம். மெடிசேவ் (சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்டு லைஃப் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தாங்கும் என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

பெரிய குழாய் பாதிப்பென்றால் ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் போதும். படம் சுத்தமாக வந்தும் நோய் முற்றினால், அல்லது தொற்றுச் சந்தேகம் விலகாவிட்டால், சைக்ளோபாஸ்பமைடு (நோயெதிர்ப்பை அடக்கும் வலுவான மருந்து) தொடங்குமுன் பயாப்சி.